கதவு மூடாத வீட்டில் ஒரு குளவி

கிள்ளானுக்கு எதற்குப் போகிறாய் என்று ஸ்டுடியோவில் கேட்டார்கள். ஒரு குளவியைப் படம் எடுக்கப் போகிறேன் என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்கிறவன் நான். வாரம் ஆறு நாளும் மனித முகம்தான். ‘தலையை நிமிர்த்துங்க, சிமிட்டாதீங்க, மூச்சை அடக்குங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என் சொந்தக் காமிராவைத் தூக்கிக்கொண்டு செங்கல் சூளைகளுக்குப் பின்னாலுள்ள புதர்ப்பக்கம் போய்விடுவேன். தும்பி, வெட்டுக்கிளி, பொன்வண்டு. அவற்றிடம் எதையும் சொல்ல முடியாது. உட்கார்ந்தால் படம், பறந்தால் போச்சு. அந்த நிம்மதிக்காகத்தான் போகிறேன் என்று நினைக்கிறேன்.

கிள்ளான் ஸ்டேஷனில் பார்சல் ஏற்றி இறக்கும் வேலை பார்க்கும் பெருமாள் என் பழைய சிநேகிதன். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே அறையில் குடியிருந்தோம். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பு கோலாலம்பூர் வந்தவன் ஸ்டுடியோவுக்குள் எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, நீங்க பூச்சி புழுவெல்லாம் எடுப்பீங்கல்ல? நம்ம வீட்டுக் கதவுகிட்ட குளவி கூடு கட்டுது. தனம் கதவையே மூட விடமாட்டேங்குறா.”

“மூடினா என்னவாம்?”

“கீலுகிட்ட கட்டியிருக்கு. மூடினா நசுங்கிடும். பத்து நாளா ராவும் பகலும் தொறந்துதான் கெடக்கு. கோணிச்சாக்கு ஒண்ணைத் தொங்கவிட்டுத் தூங்குறோம்.” சிரித்துக்கொண்டே சொன்னவன், சிரிப்பை நிறுத்திவிட்டு, “எட்டு வருஷம் ஆச்சுல்ல அண்ணே. நானும் ஒண்ணும் சொல்லலை” என்றான்.

அதற்குமேல் அவன் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் குளவி மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது நம்மவர் எல்லோருக்கும் தெரிந்த நம்பிக்கை. கூட்டைக் கலைக்கக் கூடாது. உள்ளே இருப்பது தானாக வளர்ந்து, தானாகத் துளைபோட்டு வெளியே வரவேண்டும். பெருமாளுக்கும் தனத்துக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம். அதில் இரண்டு முறை கரு நின்று, இரண்டு முறையும் கலைந்துபோனது. என் மனைவி பாக்கியத்திடம் அன்று சாயங்காலம் இதைச் சொன்னேன். “பெருநாள் லீவுக்குப் போவோம். நானும் வரேன்” என்று உடனே சொல்லிவிட்டாள். எங்களுக்கு நான்கு பிள்ளைகள். நான்கையும் பக்கத்து வீட்டு ரோசம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

காலை ஏழரை மணி ரயில். மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு அறுபத்தைந்து காசு. இருபது மைலுக்குச் சற்று அதிகமான தூரம், ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. காமிராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். காமிராவை நிறுத்தும் முக்காலியைப் பாக்கியம் பிடித்துக்கொண்டாள். பெட்டாலிங் தாண்டியதும் இரண்டு பக்கமும் கித்தாத் தோட்டம், மரங்களுக்கிடையே வெள்ளையாகப் பனி. வரிசை வரிசையாக மரங்கள் வந்து, திரும்பி, போய்க்கொண்டே இருந்தன. ரப்பர்ப் பால் எடுக்கிற பெண் ஒருத்தி வாளியோடு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் வெறும் பனி. எனக்குக் கண் செருகியது. தூங்கினேனா பார்த்துக்கொண்டிருந்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. பத்து தீகா ஸ்டேஷன் வந்துவிட்டது என்று பாக்கியம் இடித்து எழுப்பினாள்.

கிள்ளானில் இறங்கியதுமே ஆற்றின் வாடை. சேறும் உப்பும் கலந்த ஒரு வாடை, வந்த கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். ஸ்டேஷனிலிருந்து ரயில்வே குவாட்டர்ஸ் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் சீன ரிக்‌ஷாக்காரர் இருபது காசு கேட்டார்.

“பெருநாள்லா, அதான்” என்று அவர் சொன்னதும் பாக்கியம், “பெருநாள் உங்களுக்கா, எங்களுக்கா?” என்று கேட்டுப் பதினைந்துக்குக் கொண்டுவந்தாள். ரிக்‌ஷா போன சடக்கெங்கும் வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதம் சிதறிக் கிடந்தது. கடைகள் எல்லாம் பூட்டு. கோப்பிக்கு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

பெருமாள் வீடு வரிசையில் கடைசி. கதவு விரியத் திறந்து கிடந்தது. தனம் வாசலிலேயே நின்றாள். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள், பேச்சு மட்டும் மெல்ல வரும். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே, “அண்ணே, அங்க பாத்து வாங்க. தோள் பட்டுடப் போவுது” என்றாள்.

சுவரும் கதவு நிலையும் சேரும் மூலையில், நெஞ்சுயரத்தில், மண்கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் விரலாக மூன்று அறைகள், நான்காவது பாதியில். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஈர மண் ஒரு நிறம், காய்ந்த மண் ஒரு நிறம். குளவி கொண்டுவந்த ஒவ்வொரு உருண்டையும் ஒரு வளைவாகத் தெரிந்தது. அப்போது குளவியே வந்துவிட்டது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால்கள், இடுப்பு என்று சொல்ல ஒரு நூல்தான். வாயில் மண். என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தது.

“யாரையும் ஒண்ணும் செய்யாதுண்ணே” என்றாள் தனம். சொந்தக்காரியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

வந்த அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. லீவு முடிந்ததும் குவாட்டர்ஸுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க ஆள் வருகிறார்கள். சுவரில் ஆணி, படம், ஒட்டடை எதுவும் இருக்கக் கூடாது என்று உத்தரவு. “கங்காணிகிட்ட சொல்லிப் பார்ப்போம்” என்றான் பெருமாள். இரவு சாப்பிடும்போது தனம் என்னிடம், “அண்ணே, ஒருவேளை போயிட்டாலும் படத்துலயாவது இருக்கும்ல?” என்று கேட்டாள். இருக்கும் என்றேன். சொன்ன பிறகுதான் பயமாக இருந்தது. என்னிடம் இருந்ததே ஆறு கண்ணாடி பிளேட், ஒன்றுக்கு ஒரு படம்தான்.

பூச்சியைக் கிட்டத்தில் எடுக்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காமிராவின் மடிப்புத் துருத்தியை முழுக்க இழுத்துவிட்டு, லென்ஸைப் பூச்சிக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்பக்க மங்கு கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். ஒரு நெல் கனம் முன்னே போனாலும் மங்கல், பின்னே வந்தாலும் மங்கல். சரியாக வைத்தபின் பிளேட்டைச் செருகிவிட்டால் எதையும் பார்க்க முடியாது. ஷட்டரைத் திறக்கும் ரப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்கண்ணால் பூச்சியைப் பார்த்து, அது அசையாத நேரத்தில் அமுக்க வேண்டும். வெளிச்சத்துக்குப் பெருமாளின் முகக்கண்ணாடியை வாங்கிப் பாக்கியத்தின் கையில் கொடுத்து வெயிலைத் திருப்பச் சொன்னேன். “பிள்ளை பெத்ததுக்குக் கூட இவ்வளவு நேரம் ஒரே இடத்துல இருக்கலை” என்று முணுமுணுத்துக்கொண்டே பிடித்தாள்.

மறுநாள் காலை முழுவதும் அந்தத் துணிக்குள்தான் இருந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே வேறு உலகம். மங்கு கண்ணாடியில் குளவி என் உள்ளங்கை அளவுக்குத் தெரிந்தது, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, மேலிருந்து கீழே மண்ணை இழைத்துக்கொண்டு. அதற்குப் பின்னால் மங்கலாகத் தனம் குடத்தோடு கூரையில் நடந்து போனாள். வெளிச்சம் தரையிலிருந்து வந்தது. மண் வைக்கும்போது குளவி ஒரு ராகம் பாடும், கேட்டிருக்கிறீர்களா? ‘ம்ம்ம்’ என்று, தொட்டில் பக்கத்தில் யாரோ தனக்குள் முனகுவது மாதிரி. பாடி முடித்ததும் சத்தம் நின்றுவிடும். வைத்த மண்ணைக் கொம்பு இரண்டாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். ஐந்தாறு முறை வந்துபோன பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. பாட்டு நின்றதும் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

முதல் பிளேட் பாட்டு நிற்பதற்குள் அவசரப்பட்டதில் போனது. இரண்டாவதில் சரியாகத்தான் அமுக்கினேன், அதே நொடியில் அடுத்த சடக்கில் சரவெடியைக் கொளுத்தினார்கள். முக்காலி அதிர்ந்தது. பாக்கியம் கண்ணாடியோடு எகிறினாள். குளவி மட்டும் அசையவில்லை. மூன்றாவதும் நான்காவதும் நன்றாக விழுந்தன என்று எனக்குப் பட்டது. கழுவிப் பார்த்தால்தான் நிச்சயம். பத்தரை மணிக்கு மேல் அது சிலந்தி பிடிக்கப் போய்விட்டது. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அறைக்குள் திணித்தது.

“கட்டுச்சோறு வைக்கிறா” என்றான் பெருமாள்.

“கொடுத்து வச்ச பிள்ளை. எங்க வீட்டுல நாலுக்கும் நான்தான் ஊட்டணும்” என்றாள் பாக்கியம். தனம் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். காமிராவைக் கழற்றவில்லை. குவியம் வைக்கப் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும், சாயங்கால வெயிலுக்கு அப்படியே இருக்கட்டும் என்று முக்காலியோடு வாசலில் விட்டுவிட்டேன். கதவுதான் மூடுவதில்லையே. வெயிலுக்கும் மீன் குழம்புக்கும் எல்லோரும் அசந்துவிட்டோம். எழுந்து வந்தபோது தனம் மட்டும் வாசலில் நின்று காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லென்ஸ் பலகைக்குக் கீழே, துருத்தி தொடங்குகிற நிழலான இடத்தில், ஈர மண் வளைவு ஒன்று. குளவி வந்தது. சுவரில் இருந்த கூட்டை எட்டியும் பார்க்கவில்லை. அதன் நான்காவது அறையை எப்போதோ மூடி முடித்திருந்தது. நேராக என் காமிராவுக்குப் போய், உருண்டையை வைத்து, பாட ஆரம்பித்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. “பாத்தியா பெருமாளு, என்னையே படம் எடுக்க வந்துடுச்சு” என்று ஏதோ உளறினேன். யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம் என் கையைக் கிள்ளினாள்.

“அது உங்களைத் தேடித்தான் வந்திருக்குண்ணே” என்றாள் தனம். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. “எடுத்துட்டுப் போங்க. குடுக்கிற இடத்துக்குத்தானே குடுக்கும்.”

“அய்யோ, எனக்கு அஞ்சாவதா? வேண்டவே வேண்டாம்மா” என்று பாக்கியம் கையெடுத்துக் கும்பிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். தனம் உள்ளே போய்விட்டாள். நல்ல காரியம் செய்ய வந்து இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் கிளம்ப வேண்டும். குளவி காமிராவின் அறையில் சிலந்திகளை நிரப்பி மூடிவிட்டுப் பறந்தது. அதன் பிறகு அது வரவில்லை. மண் காய்ந்தால் கவனமாகத் துருத்தியை மடக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் சுண்ணாம்பு ஆட்கள் வந்தார்கள். அதிகாரி மறுநாளே பார்வையிட வருகிறாராம், அதனால் லீவிலேயே வேலை. கங்காணியும் ஐந்து பேரும். எல்லோரும் நம்மவர்கள்தான். பெருமாள் கூட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னான்.

கங்காணி கூட்டைப் பார்த்தார், தனத்தைப் பார்த்தார். கையிலிருந்த சுரண்டியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். “நமக்கு ஆவாதுப்பா” என்று அவர் அடுத்தவரிடம் நீட்டினார். “எம்பொண்டாட்டி முழுகாம இருக்கா, நான் தொடமாட்டேன்.” சுரண்டி ஐந்து கைக்கும் போய்க் கங்காணியிடமே திரும்பி வந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

“சரி. சொரண்ட வேணாம். மேலாக்க ஒரு பூச்சுப் பூசிடு. சொவரு வெள்ளை, அதுவும் வெள்ளை. துரைக்குத் தெரியவா போவுது?”

எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. தனம் கூட, “நல்லதுண்ணே, நல்லாருப்பீங்க” என்றாள். அவர்களில் ஒருவர் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல மெதுவாக, பதமாக, கூட்டின்மேல் பூசினார். ஒரு தரம், பிறகு மண் நிறம் தெரிகிறதே என்று இன்னொரு தரம். வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெறும் மண்தானே. சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊறிவிட்டது. முதலில் ஓரம் தளர்ந்தது. தனம்தான் முதலில் பார்த்தாள், கையை நீட்டினாள். அவள் கைக்கு வருவதற்குள் மொத்தமாகச் சரிந்து தரையில் விழுந்து கூழானது. வெள்ளைச் சேற்றில் சிலந்திகளும், இன்னும் கண் விழிக்காத புழுக்களும் கிடந்தன. பூசியவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, “தாயி, நான் வேணும்னு செய்யலை தாயி” என்று அழுதே விட்டார். யாரை என்ன சொல்ல? தனம் குனிந்து அந்தச் சேற்றையெல்லாம் கையால் வழித்து, செம்பருத்திச் செடியின் அடியில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து கையைக் கழுவினாள். பிறகு எங்கள் இருவருக்கும் வழிச்சோறு கட்ட ஆரம்பித்தாள்.

பாக்கியம் என்னைக் கூப்பிட்டாள். “ஏங்க. காமிராவை வச்சுட்டு வாங்க.”

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், மனசே வரவில்லை. ஊர் திரும்பும் தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கிய காமிரா அது. ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அது இல்லாமல் நான் இருந்ததில்லை. வேறு வழியுண்டா என்று யோசித்தேன். துருத்தியை மடக்கினால் கூடு நசுங்கும். மடக்காமல் ரயிலில் கொண்டுபோக முடியாது. ஆனால் இந்த வீட்டில் இருக்கட்டுமே, இதற்கு யார் சுண்ணாம்பு அடிக்கப் போகிறார்கள்?

“தனம், இது இங்கேயே இருக்கட்டும்மா” என்றேன். “உன் வாசல்ல நின்னப்பதான் கட்டுச்சு. அப்ப உன் வீட்டுக் கூடுதானே?”

அவள் என்னைப் பார்த்தாள், பாக்கியத்தைப் பார்த்தாள். “ஞாயித்துக்கெழமை என்னண்ணே செய்வீங்க?”

“தூங்குவேன்.”

முக்காலியோடு தூக்கி, உள்ளறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். எறும்பு ஏறாமல் இருக்க, தனம் முக்காலியின் மூன்று கால்களையும் மூன்று தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தாள். பிளேட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மத்தியான ரயிலில் திரும்பினோம். கை வெறுமையாக இருந்தது. ஜன்னலில் வெயில் ஓடிக்கொண்டே வந்தது, பாக்கியம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

கிள்ளான் பக்கம் இப்படிப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதல் ரயிலில் போங்கள். ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரைதான் நல்ல வெயில், பிறகு வானம் வெளுத்துவிடும். சீனப் பெருநாளில் போனால் சோற்றைக் கட்டிக்கொண்டு போங்கள். ஆற்றோரக் காற்றில் பிளேட்டு பூஞ்சை பிடிக்கும், தகரப் பெட்டியில் கொஞ்சம் வறுத்த அரிசி போட்டு வையுங்கள். பிடித்து ஊசி குத்தி எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எடுக்கலாம். அதில் பாட்டு நிற்கிற நேரம் இருக்காது. மத்தியானத் தூக்கத்துக்குப் போகும்போது தயவுசெய்து லென்ஸுக்கு மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போங்கள்.

நான்காவது பிளேட் நன்றாக விழுந்திருந்தது. ஐந்து வாரம் கழித்து அதைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு, நானும் பாக்கியமும் மறுபடி கிள்ளானுக்குப் போனோம். காமிரா அரிசிப் பானையருகே நின்ற இடத்திலேயே நின்றது. மண் அறையில் வட்டமாக ஒரு துளை. உள்ளே ஒன்றுமில்லை.

“நேத்து விடிகாலை” என்றாள் தனம். “அடுப்பு மூட்டிட்டிருந்தேன். உள்ளேருந்து சொரண்டுற சத்தம் கேட்டுச்சு. நிறுத்தும், மறுபடி சொரண்டும். அடுப்பை அப்படியே விட்டுட்டு வந்து உக்காந்துட்டேன். தலை வந்துச்சு, அப்புறம் காலு. ஈரமா இருந்துச்சுண்ணே. கையை நீட்டினேன், ஏறி நின்னுச்சு. வெயில் பட்டதும் போயிடுச்சு.”

“அழுதியா?” என்று பாக்கியம் கேட்டாள்.

“அழுதேங்க்கா. சந்தோசத்துலதான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா நிக்கவே இல்ல.”

விசேஷம் ஒன்றும் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. படத்தைக் கொடுத்தேன். “எம்மாம் பெரிய கண்ணு” என்று அதையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு, “பிளேட்டு கொண்டாந்திருக்கீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“ரெண்டு இருக்கு. எதுக்கு?”

“எங்க ரெண்டு பேரையும் எடுங்க. கல்யாணமான வருஷத்துலேருந்து இவரு ஸ்டுடியோவுக்குக் கூப்பிடுறாரு. மூணு பேரா எடுத்துக்கலாம்னு நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே தள்ளிப் போட வேணாம். நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல.”

பெருமாள் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தான். காமிராவை உள்ளறையிலிருந்து தூக்கி வந்து நிறுத்தி, வாசலில் இரண்டு நாற்காலி போட்டோம். புதிதாகப் படம் எடுக்க வருகிற புருஷன் பெண்டாட்டி நடுவில் ஒரு முழம் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். நெருங்கி உட்காருங்கள் என்று நாலு தரம் சொன்னால்தான் ஒரு விரல் நகருவார்கள், என் பிழைப்பில் பாதி அதுதான். துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். தனம் தன் நாற்காலியைத் தானே இழுத்துப் பெருமாளின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.